ராமானுஜன் அட்டவணையின் கடைசி எண்



ராமானுஜன் பேரில் கூட்டம் என்றால் 1729-ஐப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அந்த டாக்ஸிக் கதையைப் பள்ளிப் பிள்ளைகள்கூட மூச்சுவிடாமல் சொல்லிவிடுவார்கள். இன்று அதை விட்டுவிடுவோம். அந்தக் கதை அவருக்கு நல்லதைவிடக் கெடுதலே அதிகம் செய்திருக்கிறது என்பது என் கட்சி. ஏதோ அருள் வந்து எண்களைக் கண்டவர் என்ற பிம்பத்தை அது வளர்த்துவிட்டது. உண்மையில் அவர் உட்கார்ந்து கை வலிக்கக் கணக்குப் போட்டவர். கும்பகோணத்திலும் சென்னையிலும் தாள் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, மறுபடி போட்டவர். அந்த உழைப்புக்குச் சாட்சியாக ஒரே ஒரு எண்ணைக் கரும்பலகையில் எழுதுகிறேன். இன்றைய பேச்சு முழுக்க இந்த எண்ணைச் சுற்றித்தான்.

67,46,32,83,88,800.

ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே, எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. பதின்மூன்று இலக்கம். அரசு வரவு செலவுத் திட்டங்களைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது ஒன்றும் மலைக்க வைக்கிற தொகை இல்லை. கணிதத்திலும் இது சின்ன எண்தான். லட்சக்கணக்கான இலக்கங்கள் உள்ள பகா எண்களையெல்லாம் கணினிகள் கண்டுபிடித்துவிட்டன. ஆகவே அளவுக்காக நான் இதைக் கொண்டுவரவில்லை.

1914 மார்ச் 17-ஆம் தேதி ராமானுஜன் சென்னையில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். ஆகஸ்டில் போர் மூண்டது. அடுத்த ஆண்டு, 1915-இல், லண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் அவருடைய நீண்ட கட்டுரை ஒன்று வந்தது. பொருள், உயர் பகு எண்கள். 347-ஆம் பக்கத்தில் தொடங்கி 409-ஆம் பக்கம் வரை போகிறது. இந்த ஆய்வை வைத்துத்தான் 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. இந்தியாவில் கல்லூரித் தேர்வில் தேறாதவருக்குக் கிடைத்த முதல் பட்டம் அது. அந்தக் கட்டுரையில் ஓர் அட்டவணை உண்டு. அதில் 102 எண்கள். கடைசி வரியில் நிற்பது நான் எழுதிய எண்.

முதலில் இதை உடைத்துப் பார்ப்போம். ஓர் எண்ணைப் பார்த்தால் அதன் பகாக் காரணிகளைக் கேட்பதுதான் முறை; ஊர் பேர் விசாரிப்பதுபோல அது. கடைசியில் பூஜ்யங்கள் இருப்பதால் 2-ம் 5-ம் கைக்கு வந்துவிடும். தொடர்ந்து வகுத்துக்கொண்டே போனால் கிடைப்பது இது:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23.

ஒன்பது பகா எண்கள். 2-இலிருந்து 23 வரை ஒன்றுகூட விடுபடவில்லை. முதல் நான்கின் அடுக்குகளைப் பாருங்கள்: 6, 4, 2, 2. எல்லாம் இரட்டை. அப்படியென்றால் அந்த நான்கும் சேர்ந்து ஒரு வர்க்கம். எதன் வர்க்கம்? 2³ × 3² × 5 × 7, அதாவது 2520-இன் வர்க்கம். 1 முதல் 10 வரை எல்லா எண்ணாலும் வகுபடுகிற மிகச்சிறிய எண் 2520 என்பது எட்டாம் வகுப்பிலேயே மீச்சிறு பொது மடங்குக் கணக்கில் வந்திருக்கும். ஆக நம் எண், 2520-ஐ 2520-ஆல் பெருக்கி, பிறகு 11, 13, 17, 19, 23 என்ற ஐந்தாலும் பெருக்கியது. 63,50,400-ஐ 10,62,347-ஆல் பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். கால்குலேட்டர் வேண்டாம், கையால் பெருக்குங்கள். ஐந்து நிமிடம் ஆகும். ராமானுஜன் இப்படி நூற்றுக்கு மேல் போட்டார்.

1 முதல் 28 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் இது மீதியில்லாமல் வகுபடும். 25-க்கு 5² இருக்கிறது, 27-க்கு 3³ போதும், 28-க்கு 4-ம் 7-ம் இருக்கின்றன. 29-இல்தான் முதல்முறையாக நிற்கும். இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. நம் எண்ணோடு 2-ஐக் கூட்டினால் வருவது 2-ஆல் வகுபடும். 3-ஐக் கூட்டினால் 3-ஆல். இப்படியே 28 வரை. எனவே அடுத்தடுத்து 27 எண்கள் பகு எண்களாகவே வரிசை கட்டி நிற்கின்றன. நடுவில் ஒரு பகா எண்கூட நுழைய முடியாது.

இதற்கு எத்தனை காரணிகள்? ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2. விடை 10,080. இந்தத் தொகையைக் கொஞ்சம் மனத்தில் வைத்திருங்கள்.

இனி வகைப்பாட்டுக்கு வருகிறேன். எண்களை வகைப்படுத்துவதில் இரண்டு விதம் இருக்கிறது. நம் பாடநூல்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதே இல்லை. சில வகைகளுக்கு அந்த எண் ஒன்றே போதும். இரட்டைப்படையா, வர்க்கமா, பகா எண்ணா என்று கேட்டால் அந்த எண்ணை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு பதில் சொல்லிவிடலாம். வேறு சில வகைகளுக்கு அந்த எண்ணுக்கு முந்திய அத்தனை எண்களையும் அழைத்து நிறுத்தி, இது அவற்றை வென்றதா என்று பார்க்க வேண்டும். முதல் விதத்தை எண்ணின் குணம் என்றும் இரண்டாவதை அது பெற்ற பட்டம் என்றும் நான் பிரித்துக்கொள்கிறேன்.

குணங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இது இரட்டைப்படை எண். வர்க்கம் இல்லை. தன்னைத் தவிர்த்த காரணிகளைக் கூட்டினால் தன்னைவிடப் பெரிதாக வருவதால் இது மிகையெண். இன்னொரு குணம்: இலக்கங்களைக் கூட்டுங்கள். 6, 7, 4, 6, 3, 2, 8, 3, 8, 8, 8, பிறகு இரண்டு பூஜ்யம். கூட்டுத்தொகை 63. நம் எண் 63-ஆல் வகுபடும். தன் இலக்கக் கூட்டுத்தொகையால் வகுபடும் எண்ணுக்கு ஹர்ஷத் எண் என்று பெயர் வைத்தவர் நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர். கப்ரேகர் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் இலக்கங்களை வைத்து வரும் குணம், நாம் பத்து பத்தாக எண்ணுகிறோம் என்பதால் வருவது. பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணியிருந்தால் இலக்கங்களே மாறியிருக்கும், கூட்டுத்தொகையும் மாறியிருக்கும். 63-ஐ மறுபடி கூட்டினால் 9 வருகிறது, அது செவ்வாய்க்கு உரியது என்று எண் சோதிடர் யாராவது இந்த அரங்கில் எழுந்தால், 9-ஆல் வகுபடும் எந்த எண்ணுக்கும் அதுதான் வரும் ஐயா என்று சொல்லி உட்கார வைத்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று. ஏ. கே. சீனிவாசன் என்பவர் 1948-இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். ஓர் எண்ணைவிடச் சிறிய ஒவ்வோர் எண்ணையும் அதன் வெவ்வேறு காரணிகளின் கூட்டுத்தொகையாக எழுத முடிந்தால், அதை நடைமுறை எண் என்று அவர் அழைத்தார். 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: காரணிகள் 1, 2, 3, 4, 6, 12. 11 வேண்டுமா? 6-ம் 4-ம் 1-ம். 7 வேண்டுமா? 6-ம் 1-ம். நம் எண்ணும் இந்த வகைதான். 1-இலிருந்து ஏறத்தாழ ஆறே முக்கால் லட்சம் கோடி வரை நீங்கள் எந்த எண்ணைச் சொன்னாலும், 10,080 காரணிகளில் சிலவற்றைப் பொறுக்கி, ஒன்றை இருமுறை எடுக்காமல், அதைக் கட்டிவிடலாம்.

இப்போது பட்டம். தனக்கு முந்திய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் ஓர் எண்ணுக்கு இருந்தால் அது உயர் பகு எண். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று வரிசை போகிறது. 12-க்கு ஆறு காரணிகள். அதற்குக் கீழே யாருக்கும் ஆறு இல்லை. 18-க்கும் ஆறுதான், ஆனால் 12 முந்திக்கொண்டதால் 18-க்குப் பட்டம் இல்லை. மணிக்கு 60 நிமிடமும் வட்டத்துக்கு 360 பாகையும் இந்த வரிசையில்தான் இருக்கின்றன. நம் பழைய ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, ஆக 192 பை. 192-க்குப் பதினான்கு காரணிகள். 1957-இல் வந்த நூறு காசுக்கு ஒன்பதுதான். மூன்று பேர் ஒரு ரூபாயைப் பிரித்துக்கொள்வது அன்றிலிருந்துதான் சிக்கலானது. சதுர அடி, பவுன், கஜம் என்று புலம்புகிற பெரியவர்களுடன் நான் சேரவில்லை; ஆனால் காரணிக் கணக்கில் அந்தக் காலத்து ரூபாய்தான் மேல்.

காரணிகளைக் குவிப்பது எப்படி? முதலில் தோன்றும் இரண்டு வழிகளும் உதவாது. ஒன்று, 2-ஐயே திரும்பத் திரும்பப் பெருக்குவது. 2-ஐ 42 முறை பெருக்கினால் 43,98,04,65,11,104 வரும். நம் எண்ணில் மூன்றில் இரண்டு பங்கு அளவு. காரணிகளோ வெறும் 43. மற்றொன்று, எல்லாப் பகா எண்களையும் ஒவ்வொரு முறை எடுத்துப் பெருக்குவது. 2-இலிருந்து 37 வரை பன்னிரண்டு பகா எண்களைப் பெருக்கினால் 74,20,73,81,34,810. நம் எண்ணைவிடப் பெரிதாகிவிட்டது. காரணிகள் 4,096 மட்டுமே. நம் எண் அதைவிடச் சிறியதாக இருந்துகொண்டு 10,080 வைத்திருக்கிறது. ஆழமாகவும் போக வேண்டும், அகலமாகவும் போக வேண்டும், இரண்டிலும் எங்கே நிறுத்துவது என்று தெரிய வேண்டும். ராமானுஜன் கட்டுரை முழுக்க இந்த ஒரு கேள்விதான். சமனின்மைகளைக் கையாள்வதில் அவருக்கு இருந்த அசாத்தியப் பிடி இதில் தெளிவாகத் தெரிகிறது என்று கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டி பிற்பாடு எழுதினார்.

அவர் கண்ட விதிகளில் எளியதை மட்டும் சொல்கிறேன். அடுக்குகள் ஒருபோதும் ஏறக்கூடாது; சமமாக இருக்கலாம், இறங்கலாம். 2-க்கு ஒன்றும் 3-க்கு இரண்டும் அடுக்கு வைத்தால் 18. மாற்றி வைத்தால் 12. காரணி எண்ணிக்கை மாறவில்லை, எண் சிறிதாகிவிட்டது. எனவே பெரிய அடுக்கு எப்போதும் சின்னப் பகா எண்ணுக்குத்தான். அடுத்து, கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1-ஆகத்தான் இருக்கும். 4-ம் 36-ம் மட்டுமே விதிவிலக்கு. இப்படி விதிகளை இறுக்க இறுக்க, லட்சம் கோடி எண்களைச் சோதிக்க வேண்டிய இடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய போட்டியாளர்களே மிஞ்சுவார்கள். பட்டத்தை உறுதிசெய்ய முந்திய எல்லோரையும் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்றேன் அல்லவா, அதை அவர் சாத்தியமாக்கியது இப்படித்தான்.

ஒரு போட்டியாளரை நாமே விசாரிப்போம். 23 பெரிய எண். அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்துக்கு இரண்டு 2-ஐயும் ஒரு 5-ஐயும் போடலாமே? 23-க்குப் பதில் 20 என்பதால் எண் சிறிதாகிவிடும். காரணிகள் என்ன ஆகும்? 23 போனதால் பாதியாகி 5,040. 2-இன் அடுக்கு 6-இலிருந்து 8 ஆனதால் ஏழுக்கு ஒன்பது, 5-இன் அடுக்கு 2-இலிருந்து 3 ஆனதால் மூன்றுக்கு நான்கு. பெருக்கினால் 8,640. தோற்றுவிட்டது. மாணவர்கள் வேறு எதையாவது கழற்றி மாட்டிப் பாருங்கள். எண்ணைப் பெரிதாக்காமல் 10,080-ஐ எட்ட முடியாது.

அந்த 5,040-க்கு வருகிறேன். நம் எண்ணை 23-ஆல் வகுத்தால் 2,93,31,86,25,600. அதற்கு 5,040 காரணிகள். அதுவும் உயர் பகு எண். ஆனால் ராமானுஜனின் அட்டவணையில் அது இல்லை. 102 எண்கள் கொண்ட பட்டியலில் அவர் விட்டுவிட்டது இந்த ஒன்றே ஒன்று. கடைசி வரியில் அவர் எழுதிய எண், அவர் விட்டுவிட்ட எண்ணின் சரியாக 23 மடங்கு.

ஏன் விட்டார்? என் ஊகத்தைச் சொல்கிறேன், ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அது நிற்க வேண்டிய இடத்துக்கு முன்னால் இருப்பது 2,40,94,02,99,600. பின்னால் இருப்பது 3,21,25,37,32,800. முன்னதற்கு 4,800 காரணிகள், பின்னதற்கு 5,376. இரண்டுமே 23 வரை பகா எண்கள் உள்ளவை. விடுபட்டது 19-உடன் நின்றுவிட்டது. 23 வந்து ஆட்சி பிடித்த பிறகு, 19-உடன் நிற்கும் எண் ஒன்று பழைய தலைமுறை ஆள் போல மீண்டும் ஒரு முறை தலைகாட்டுகிறது. அதற்குப் பிறகு அட்டவணையில் அத்தகைய எண்ணே கிடையாது. கையால் பட்டியல் போடுகிற எவருக்கும், 'இனி 23-ஐ வைத்தே பார்த்தால் போதும்' என்று தோன்றக்கூடிய இடம் அதுதான். இன்று ஒரு மாணவி நாலு வரி நிரல் எழுதி நொடியில் கண்டுபிடித்துவிடுவார். அதனால் அந்த விடுபாட்டைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வரவில்லை. குணமாக இருந்தால் சரிபார்க்க ஓர் எண் போதும். பட்டம் என்பதால் ஒரே ஒரு போட்டியாளர் கண்ணில் படாமல் போனால் பட்டியலே பிசகிவிடுகிறது.

5,040 என்பதே ஓர் உயர் பகு எண். 10,080-ம் அப்படித்தான். தன் காரணி எண்ணிக்கையும் பட்டம் பெற்ற எண் என்பதில் நம் எண்ணுக்கு ஒரு தனி அழகு. மேலும் இறங்கிப் பாருங்கள்: 10,080-க்கு 72 காரணிகள், 72-க்கு 12, 12-க்கு 6, 6-க்கு 4, 4-க்கு 3, 3-க்கு 2. காரணிகளின் எண்ணிக்கைக்கு எத்தனை காரணிகள் என்ற இந்த இரண்டாம் படிக் கேள்வியையும் ராமானுஜன் அதே கட்டுரையில் எடுத்துக்கொண்டிருக்கிறார். பிளேட்டோ தம் 'சட்டங்கள்' நூலில் இலட்சிய நகரத்துக்கு 5,040 குடும்பங்கள் இருக்கட்டும் என்று சொன்னதும் அந்த எண் பலவாறாகப் பிரியும் என்பதற்காகத்தான்.

உயர் பகு எண்களுக்குள்ளும் ஒரு மேல்தட்டு உண்டு. அதை ராமானுஜன் மேலான உயர் பகு எண்கள் என்று தனியே பிரித்தார். இதைக் கடைக் கணக்காகச் சொன்னால் புரியும். கையில் ஓர் எண் இருக்கிறது. அதை ஒரு பகா எண்ணால் பெருக்கினால் எண் பெரிதாகிறது. அது நாம் கொடுக்கும் விலை. காரணிகள் கூடுகின்றன, அது கிடைக்கும் சரக்கு. சரக்கின் மடக்கையை விலையின் மடக்கையால் வகுத்தால் எது லாபம் என்று தெரியும். எப்போதும் லாபமான சரக்கை மட்டுமே, வரிசை தவறாமல் வாங்கிக்கொண்டே போனால் கிடைப்பவை மேலான உயர் பகு எண்கள்.

22,48,77,61,29,600 அப்படி ஒன்று. நம் எண்ணில் மூன்றில் ஒரு பங்கு. நம் எண்ணிலிருந்து ஒரு 3-ஐ எடுத்துவிட்டால் அது. அங்கிருந்து அடுத்து எதை வாங்குவது? 3-ஐ வாங்கினால் அதன் அடுக்கு மூன்றிலிருந்து நான்காகும். காரணிகள் நான்குக்கு ஐந்து கூடும். லாபம் 0.2031. புதிதாக 29-ஐ வாங்கினால் காரணிகள் இரட்டிப்பாகும். விலை 29 மடங்கு. லாபம் 0.2058. மயிரிழையில் 29 முந்துகிறது. அதனால் வரிசைப்படி அடுத்து வாங்க வேண்டியது 29. நம் எண் வரிசையைத் தாண்டி முதலில் 3-ஐ வாங்கிவிட்டது. எனவே அதற்கு மேல்தட்டில் இடமில்லை. ஆனாலும் உயர் பகு எண் என்ற பட்டம் பறிபோகவில்லை; 29-ஐ வாங்குகிற அளவு பணம் இந்த உயரத்தில் யாரிடமும் இல்லை, ஏற்கெனவே வாங்கிய எதையாவது விற்றால்தான் முடியும். மேல்தட்டில் சேராத எண்களைக் கண்டுபிடிப்பதுதான் உண்மையில் கடினம். மேல்தட்டுக்குச் சூத்திரம் இருக்கிறது; மற்றவற்றை இடுக்குகளில் தேட வேண்டும்.

காரணிகளை எண்ணுவதை விட்டு, கூட்டிப் பார்த்தால் வேறொரு பந்தயம். நம் எண்ணின் 10,080 காரணிகளையும் கூட்டினால் 3,94,13,83,23,53,280. எண்ணால் வகுத்தால் ஏறத்தாழ 5.842. இந்த விகிதத்தில் தனக்கு முந்திய எல்லாவற்றையும் வெல்லும் எண்களை 1944-இல் அலோக்லு, எர்டாஷ் என்ற கணிதர்கள் இருவரும் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார்கள். மீமிகை எண்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் எண் அந்தப் பட்டத்தையும் பெற்றிருக்கிறது. எப்படிப் பெற்றது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

அதன் கடும் போட்டியாளர் 46,58,17,91,25,600. நம் எண்ணைவிட நன்றாகவே சிறியது. அதில் 2-க்கு அடுக்கு ஐந்து, 3-க்கு மூன்று, 7-க்கு ஒன்று. ஆனால் 29-ஐ வாங்கிவைத்திருக்கிறது. அதாவது நம் எண் 2, 3, 7 ஆகிய மூன்றையும் கூடுதலாக ஒவ்வொன்று வாங்கியது, மற்றது அந்தப் பணத்தில் 29 ஒன்றை வாங்கியது. இருவருக்கும் பொதுவானதை நீக்கிவிட்டு மிஞ்சியதை எழுதுவோம். நம் பக்கம் 127/126, 121/120, 57/56 மூன்றின் பெருக்கற்பலன். எதிர்ப்பக்கம் 30/29. குறுக்கே பெருக்குங்கள். நம் பக்கம் 2,54,01,651. எதிர்ப்பக்கம் 2,54,01,600. வித்தியாசம் 51. இரண்டரைக் கோடிக்கு ஐம்பத்தொன்று. தேர்தலில் இவ்வளவு குறைந்த வித்தியாசம் வந்தால் மறு எண்ணிக்கை கேட்பார்கள். இங்கே கேட்க வழியில்லை.

இரண்டு பட்டங்களும் ஒருசேரப் பெற்ற எண்கள் எத்தனை? உயர் பகு எண்கள் முடிவில்லாதவை, மீமிகை எண்களும் முடிவில்லாதவை. ஆனால் இரண்டிலும் உள்ளவை மொத்தம் 449 மட்டுமே. ஓர் எல்லைக்குப் பிறகு இரண்டு வரிசைகளும் பிரிந்து போய்விடுகின்றன, மறுபடி சந்திப்பதே இல்லை. நம் எண் அந்த 449-இல் ஒன்று.

கடைசியாக அந்தக் கட்டுரையின் கதையைச் சொல்ல வேண்டும். 1915-இல் அச்சானது முழுக் கட்டுரை இல்லை. போர்க்காலம், லண்டன் கணிதச் சங்கத்துக்குப் பண முடை. அச்சுச் செலவைக் குறைக்க ஒரு பகுதியை விட்டுவிட ராமானுஜன் ஒத்துக்கொண்டார். 1920-இல் அவர் சென்னையில் இறந்தபோது அந்தப் பகுதி கையெழுத்தாகவே கிடந்தது. காரணிகளின் கூட்டுத்தொகையைப் பற்றிய ஆய்வு அதில்தான் இருந்தது. அலோக்லு, எர்டாஷ் இருவரும் 1944-இல் எழுதியவற்றில் சில ஏற்கெனவே அங்கே இருந்தன என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. 1997-இல், அவர் பெயரிலேயே தொடங்கிய 'ராமானுஜன் ஜர்னல்' முதல் தொகுதியில், ழான்-லூயி நிகோலா, கீ ரோபான் என்ற இரு பிரெஞ்சுக் கணிதர்கள் குறிப்புகளோடு அதை வெளியிட்டார்கள்.

ரோபான் அதைப் பதிப்பித்ததற்குக் காரணம் உண்டு. 1984-இல் அவர் ஒரு தேற்றம் நிறுவியிருந்தார். ஓர் எண்ணின் மடக்கைக்கு மீண்டும் மடக்கை எடுத்து, ஏறத்தாழ 1.781 என்ற மாறிலியால் பெருக்குங்கள். காரணிக் கூட்டுத்தொகையை எண்ணால் வகுத்து வரும் விகிதம், 5,040-க்கு மேற்பட்ட எந்த எண்ணுக்கும் இந்த வரம்பைத் தொடாது என்றால் ரீமான் கருதுகோள் உண்மை. ஓர் எண் தொட்டுவிட்டாலும் பொய். கணிதத்தின் ஆகப் பெரிய தீராத கேள்வி, காரணிகளைக் கூட்டும் பள்ளிக் கணக்காக வந்து நிற்கிறது. வரம்பை மீறும் எண் ஒன்று உண்டென்றால், அவற்றில் முதலாவது ஒரு மீமிகை எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று 2009-இல் நிரூபித்தார்கள். ஆகவே தேட வேண்டிய இடமும் தெரியும்.

நம் எண்ணை அதில் பொருத்திப் பார்த்துவிட்டு முடிக்கிறேன். மடக்கை 29.54. அதன் மடக்கை 3.386. மாறிலியால் பெருக்கினால் வரம்பு 6.030. நம் விகிதம் 5.842. இன்னும் 0.188 பாக்கி இருக்கிறது. மேலே போகப் போக, மீமிகை எண்களுக்கும் அவற்றின் வரம்புக்கும் இடையே உள்ள இந்த இடைவெளி பொதுவாகக் குறுகிவருகிறது. அது எங்காவது அடைபடுமா என்பது 1915-இல் யாருக்கும் தெரியாது, இப்போதும் தெரியாது.